நாற்பத்தெட்டுக் குப்பிகள்

கவனக்குறைவாம்! என் வீட்டுக்காரர் சேனாதிபதிக்குக் கவனக்குறைவாம்!

போன வாரம் பொன்னுவேல் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கல்லூரியின் ஆபீஸ் கிளார்க். இவருடைய முதல் வருஷ நினைவு நாளுக்கு விலங்கியல் துறையில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்று நாலு பக்கத்தை நீட்டினார். மூன்றாவது பக்கத்தில் இப்படி இருந்தது: 'முப்பது ஆண்டுகள் அப்பழுக்கின்றிப் பணியாற்றிய அன்னார், ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல், ஓய்வுக்குப் பின் நேர்ந்த சிறு கவனக்குறைவால், தாம் கண்ட புதிய பூச்சி இனத்தை உலகறியச் செய்யும் வாய்ப்பை இழந்தார்.'

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சொல்லும். தாளை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, "யாருங்க இதை எழுதுனது? அவரு சறுக்கினதை நீங்க பாத்தீங்களா?" என்று கத்தினேன். பாவம், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன பிறகுதான் யோசித்தேன், அவரை ஏன் கத்தினேன் என்று. அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார். தெரிய வேண்டியதைச் சொல்லாமல் இருந்தவள் நான்.

அந்தத் தவறு என் வீட்டுக்காரருடையது இல்லை. என்னுடையது. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அது இதைவிடக் கேவலம். அதனால் அந்த நாலு பக்கத்துக்குப் பதிலாக நானே எழுதிக் கொடுக்கிறேன். போடுவதானால் முழுசாகப் போடட்டும்.

அவர் பிறந்தது வடகவுஞ்சியில், பூண்டு போடுகிற குடும்பத்தில். பெயர்தான் சேனாதிபதி. வீட்டில் ஒரு கோழியைக்கூட அதட்டத் தெரியாது. பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பத்து வருஷம் அப்பாவோடு பூண்டுக் காட்டில் கிடந்தார். இருபத்தெட்டு வயதில் கொடைக்கானலில் அந்தக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவுவது, தவளைக்கு மயக்க மருந்து வைப்பது, நுண்ணோக்கியைத் துடைத்து உறை போடுவது. அவ்வளவுதான் வேலை.

நான் கீழே பாலசமுத்திரம். அப்போதுதான் எனக்கு மலையில் டீச்சர் வேலை உத்தரவு வந்திருந்தது. மலையிலேயே ஒரு மாப்பிள்ளை என்று இவரைக் கொண்டுவந்தார்கள். பெண் பார்க்க வந்த சாயங்காலம் எங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி ஒரே பூச்சி. வயலும் வாய்க்காலுமாக இருக்கிற இடம், கேட்கவா வேண்டும்? அதில் ஒன்று மாப்பிள்ளை தட்டில் இருந்த கேசரியில் விழுந்தது. என் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. இவர் நிதானமாகச் சுண்டுவிரல் நகத்தால் அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பயப்படாதீங்க அத்தை, இது கடிக்காது" என்றார். கேசரியில் செத்துக் கிடக்கிற பூச்சி கடிக்குமா கடிக்காதா என்பதா அப்போது கேள்வி? என் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, சரிதான், இது ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதிரிதான். இருபத்தொன்பது வருஷம் அந்த ஒரு மாதிரியோடு இருந்தேன், ஒரு நாள்கூட அலுக்கவில்லை.

அந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தால் கொசுதான். ஆனால் கொசு இல்லை. கொசுவுக்கு ஊசி மூக்கு உண்டு, இதற்குக் கிடையாது. கொசு உட்கார்ந்தால் பின்னங்காலைத் தூக்கி வைக்கும், இது முன்னங்காலைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி உட்காரும். ஆணுக்குத் தலையில் இறகு வைத்ததுபோல் மீசை. எங்கள் ஏரிக்கரையில் சாயங்காலம் தலைக்குமேல் கூட்டமாகச் சுழன்றுகொண்டு இருப்பது இதுதான். வாக்கிங் போகிறவர்கள் கைக்குட்டையால் அடித்துக்கொண்டே போவார்கள். இவர் வழிமறித்து, "ஐயா, அது கடிக்காதுங்க, விடுங்க" என்பார். ஒரு டூரிஸ்ட் இவரைப் பைத்தியம் என்று நினைத்துப் பத்து ரூபாய் கொடுத்தார். அதை வீட்டில் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார்.

ஒரு வருஷம் ஏரிப்பக்கத்துக் கடைக்காரர்கள், கொசு பெருத்துப்போய்விட்டது, மருந்து அடியுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். அது என்ன பூச்சி என்று பார்த்துச் சொல்லும்படி கல்லூரிக்குக் கேட்டு வந்தது. பேராசிரியர்களுக்கு நேரமில்லை. "சேனாதிபதி, கொஞ்சம் பிடிச்சு வையிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் பிடித்து வைத்ததோடு நிற்கவில்லை. அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தின் முறை எனக்கே பிடிக்கும். ஒரு கேள்வி, இரண்டு பதில். இறக்கையில் முடி இருந்தால் நாலாம் கேள்விக்குப் போ, இல்லாவிட்டால் ஏழுக்குப் போ. அங்கே இன்னொரு கேள்வி, இன்னும் இரண்டு வழி. இப்படியே போனால் கடைசியில் ஒரு பெயர் நிற்கும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு ஒரு நாள் என்று அவர் போனார். வீட்டிலும் அதே பேச்சுத்தான். புடவைக் கடையில் நான் இழுத்தடித்தால், "சரிகை இருந்தா நாலுக்குப் போ, இல்லாட்டி ஏழுக்குப் போ. வெரசா முடி ஜோதி, பஸ்ஸு போயிரும்" என்பார்.

இந்தப் பூச்சி புழுவாக இருக்கும்போது தண்ணீருக்கடியில் இருக்கும். அதன் தலையில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு தட்டு, அந்தத் தட்டின் ஓரத்தில் பற்கள். நுண்ணோக்கியில் வைத்து அந்தப் பற்களை எண்ணித்தான் இனத்தைப் பிரிப்பார்கள். நடுப்பல் ஒன்றா இரண்டா, பக்கத்துப் பல் எத்தனை, எது உயரம். இவர் அதில் தேறிவிட்டார். மார்க்கெட்டில் 'கொசுப் பல் டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "டாக்டர் வர்றாரு, வாயை மூடுங்கடா" என்று முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து கேலி பண்ணுவார்கள். இவரும், "உனக்கு ரெண்டு பல்லு கம்மியா இருக்குய்யா, நீ வேற இனம்" என்று சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்குவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருத்தத்தை நான் வாயால் கொட்டித் தீர்ப்பேன். அவர் வாயைத் திறக்க மாட்டார். ஓடைக்குப் போய்விடுவார்.

வடகவுஞ்சிக்குக் கிழக்கே சோலைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஓடை வரும். எருமைப்பள்ளத்து ஓடை என்பார்கள். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு அதன் பாறைப் பாசியிலிருந்து ஒரு வெளிர்பச்சைப் புழுவைக் கொண்டுவந்தார். ஒரு வாரம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வயிற்றுக்கோளாறு என்று ரசம் வைத்துக் கொடுத்தேன்.

"ஜோதி, புத்தகத்துல ஒரு எடத்துல போயி நிக்கிறேன். ரெண்டு வழியும் அடைச்சுக் கெடக்கு" என்றார்.

"அப்படின்னா?"

"இதுவும் இல்ல, அதுவும் இல்லன்னு அர்த்தம். பதினோரு தடவை மொதல்லருந்து வந்துட்டேன். அங்கனயே வந்து நிக்குது."

"புத்தகம் தப்பா இருக்கும்ங்க."

"இல்லாட்டி இந்தப் பூச்சி புத்தகத்துலயே இல்ல."

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திச் சொன்னார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

மகாதேவி மேடத்துக்கு எழுதினார். மேடம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர், இந்தப் பூச்சிகளுக்கென்றே இருப்பவர். யாருக்கும் சுலபத்தில் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். அவரே மலையேறி வந்து பார்த்துவிட்டு, "புதுசா இருக்கலாம் சேனாதிபதி. ஆனா 'இருக்கலாம்'ங்கறது பத்தாது" என்றார். ஒரே புழுவை வளர்த்து, அது கழற்றிப் போட்ட புழுத்தோல், அடுத்த பருவத்தில் கழற்றிய கூட்டுத்தோல், அதிலிருந்து வந்த ஆண்பூச்சி, மூன்றும் ஒன்றினுடையதுதான் என்று காட்ட வேண்டும். எந்த ஓடை, எந்தத் தேதி என்று எழுதியிருக்க வேண்டும். பக்கத்து ஓடைகளில் இருக்கும் இதே சாயல் பூச்சிகளையும் அதேபோல் வளர்த்து வைத்து ஒப்பிட வேண்டும். "செஞ்சு குடுங்க, உங்க பேரைத்தான் மொதல்ல போடுவேன்" என்றார் மேடம். இவர் சாதாரண ஆய்வக உதவியாளர். அவருடைய பெயர் அச்சில் முதலில்! அன்றைக்கு நான் பால் பாயசம் வைத்தேன்.

அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஒரு குப்பிக்கு ஒரு புழு, ஓடைத் தண்ணீர், வாயில் பஞ்சு. சமையலறை ஜன்னல்தான் வீட்டிலேயே குளிர்ச்சி என்று அங்கே வரிசையாக வைத்துவிட்டார். "சமைக்கிற எடத்துல புழுவா?" என்று நான் கத்தாத நாள் இல்லை. ஆனால் அவர் ஓடைக்குப் போகிற நாளில் பஞ்சை எடுத்து ஒவ்வொன்றாகக் காற்றுக் காட்டியவளும் நான்தான். பத்துப் புழு வைத்தால் ஒன்று பிழைக்கும். பூச்சியாக வெளியே வந்ததும் அதை ஸ்பிரிட் ஊற்றிய ஒரு குப்பியில் போடுவார். அது கழற்றிய தோல்களை இன்னொரு குப்பியில் போடுவார். இரண்டிலும் ஒரே எண் போட்டுக் குறுஞ்சீட்டு உள்ளே கிடக்கும். மூன்று ஓடைகளிலிருந்து இருபத்துநாலு பூச்சி, நாற்பத்தெட்டுக் குப்பி. தேக்குப் பலகையில் எட்டெட்டாக ஆறு வரிசை துளை போட்டு அவரே ஒரு பெட்டி செய்தார்.

அதற்குள் இரண்டு கெட்ட காரியம் நடந்தது. ஒன்று, அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்றார்கள். காப்பி டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டாவது, ஓடைக்கு மேலே யாரோ காட்டேஜ் கட்டி, ஊற்றுக்கண்ணிலேயே குழாய் போட்டு இழுத்துக்கொண்டார்கள். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். "பாறை காஞ்சு வெள்ளையா கெடக்கு ஜோதி. இனிமே அங்கன ஒண்ணும் இல்ல. இருக்கறது நம்ம பெட்டிக்குள்ள இருக்கறதுதான்" என்றார். அந்த ஓடையின் பூச்சி ஒன்பது. அந்த ஒன்பதும் போனால் எல்லாம் போயிற்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வாய் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. பெட்டியை வாங்கிப் போக மேடம் வருவதாக இருந்தது. நடுங்குகிற கையால் அவர் எழுதிய சீட்டுகளை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. "நீ முத்து முத்தா எழுதுவியே, இதையெல்லாம் திருப்பி எழுதிக் குடு" என்றார். மேஜைமேல் பெட்டி, வெட்டி வைத்த குட்டிச் சீட்டுகள், இடுக்கி, சீவிய பென்சில் எல்லாம் எடுத்து வைத்தார். மாத்திரை போட்டால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். படுத்துவிட்டார்.

நான் முப்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறவள். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதிச் சரிபார்த்துவிட்டு, பிறகு பேனாவால் படியெடுப்போம். வருகைப் பதிவேட்டில் பென்சில் பட்டால் தலைமையாசிரியர் குதிப்பார். மாற்றுச் சான்றிதழைப் பென்சிலில் எழுதினால் செல்லாது. பென்சில் என்றால் அழிந்துபோகும், மை என்றால் நிலைக்கும். இதைத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் சீவி வைத்த பென்சிலை ரஃபுக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, பழைய சீட்டை எடுத்து, படித்து, முதல் வரிசை இடமிருந்து வலம், இரண்டாம் வரிசை இடமிருந்து வலம் என்று என் நோட்டில் நாற்பத்தெட்டையும் எழுதினேன். எண், ஓடை, தேதி. பிறகு என் நீல மைப் பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டுகளில் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. ஆறு வருஷ உழைப்பு, காலத்துக்கும் நிற்க வேண்டுமே! மை காய்ந்ததும் குப்பிக்குள் போட்டு மூடினேன். பென்சிலில் இருந்த அவருடைய கோழிக்கிறுக்கல் சீட்டுகளை, ரஃப்தானே என்று குப்பையில் கொட்டினேன். மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்து வாங்கிப் போயிற்று.

ஸ்பிரிட்டில் மை கரையும். பென்சில் கரையாது. அவருடைய ஆய்வகத்தில் முதல் வருஷப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவர் என்னிடம் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போடு என்று சமைக்கிறவளிடம் யாராவது சொல்வார்களா? அதுபோல அவருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்து மேடம் வருவது தள்ளிப்போயிற்று. மார்கழியில்தான் வந்தார். பெட்டி அதுவரை அலமாரியில் மூடியே இருந்தது. நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

தட்டோடு வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றேன். மேடம் ஒரு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். உள்ளே ஸ்பிரிட் இளநீலமாக இருந்தது, சொட்டு நீலம் கலந்த தண்ணீர் மாதிரி. சீட்டு வெறும் வெள்ளை. அடுத்த குப்பி. அதற்கடுத்தது. நாற்பத்தெட்டும்.

"பேனாவுலயா எழுதுனீங்க?" என்றார் மேடம்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாங்க மேடம். நான்தாங்க. ஏதோ ஞாபகத்துல எழுதிப்புட்டேன்."

"பழைய சீட்டு?"

"தூக்கிப் போட்டுட்டேங்க."

"ஆம்பளைப் பூச்சி எது புதுசுன்னு லென்ஸ்ல பாத்து நான் சொல்லிருவேன். ஆனா அது எந்த ஓடை, எப்பப் பிடிச்சது, இதுல எந்தத் தோலு அதோடது? ஒண்ணும் இல்லாம என்னன்னு எழுதறது?" மேடத்துக்குக் குரல் உயர்ந்தது. "பென்சில், பென்சில்னு பிள்ளைங்களைக் கத்திக்கிட்டே இருப்பீங்களே. நீங்களா சேனாதிபதி? உங்களை நம்பித்தானே நான் வேற ஆளே வைக்கல!"

"தப்புத்தாங்க மேடம்" என்றார்.

தட்டு என் கையில் இருந்தது. வாயும் என்னிடம்தான் இருந்தது. ஊரையே வாயடைக்கிற வாய். 'அவரு இல்லைங்க, நான்' என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவரே ஏற்றுக்கொண்ட பிறகு நான் சொன்னால் அவர் பொய் சொன்னதாக ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குத்தான். உண்மையில் பயந்துவிட்டேன். மேடம் என்னை என்ன நினைப்பார் என்ற பயம்.

மேடத்தின் வண்டி கீழே திருப்பத்தில் நின்றது. வழியனுப்ப அவரும் கூடப் போனார். வீட்டில் நான் மட்டும். கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் பையில் அந்த ரஃப் நோட்டு இருந்தது. முதல் பக்கத்திலிருந்து என் கையெழுத்து. யார் எடுத்துப் பார்த்தாலும் எழுதியது யார் என்று தெரிந்துவிடும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். மார்கழி ஈரத்தில் முதலில் புகைந்தது. குச்சியால் கிளறிவிட்டேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஓடி வருகிற சத்தம். கை நடுங்குகிற மனுஷர், மேட்டில் ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஜோதி! ஏ ஜோதி! நீ எதையும் ரஃப் எழுதாம ஃபேர் பண்ண மாட்டியே! அந்த நோட்டுல வரிசையா எழுதியிருப்பேல்ல? குப்பி வரிசை கலையவே இல்ல, நீ வச்சது வச்சபடி இருக்கு. நோட்டு மட்டும் இருந்தா அத்தனையும் திரும்பக் கெடச்சிரும். மேடம் டீக்கடைல நிக்கிறாங்க. வெரசா எடு, ஓடிப்போயிக் குடுத்துட்டு வந்துர்றேன்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நோட்டுத்தான் எல்லாம்.

"ரஃப் எழுதலைங்க" என்றேன். "நேரா சீட்டுலயே எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நம்பாத பார்வையும் இல்லை. நான் எதையோ மறந்துபோய்ப் பேசுகிறேன் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லைங்க."

பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார், ஒரு கை மாட்டிக்கொண்டது, நான் போய் எடுத்துவிட்டேன். "சரி விடு. வேர்த்துப்போச்சு. வெந்நீ காஞ்சிருச்சா?" என்று கேட்டார். காய்ந்திருந்தது. அந்த வெந்நீரைத்தான் அண்டாவிலிருந்து மொண்டு வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். அதில்தான் அவர் குளித்தார்.

ராத்திரி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் இல்லை. நீ ஏன் பேனாவில் எழுதினாய் என்று சாகும்வரை அவர் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு அறை அறைந்திருந்தால்கூட எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். கல்லூரியில் விஷயம் பரவி, பழைய ஆட்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, "ஆனைக்கும் அடி சறுக்கும் சேனாதிபதி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும், "ஆமாப்பா, வயசாச்சுல்ல" என்று பதில் சொன்னார். நான் காப்பி கொடுத்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம். தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

கூடம் முழுக்க என் ரஃப் நோட்டுகள். முப்பது வருஷத்து நோட்டு. நான் எதையும் தூக்கிப் போடாமல் கட்டுக் கட்டாகப் பரணில் போட்டு வைக்கிறவள். பரணில் ஏற அவர் உடம்புக்கு ஆகாது, எப்படி ஏறினாரோ தெரியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. தரையில் உட்கார்ந்து, நடுங்குகிற விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்த்து முடித்தது ஒரு பக்கம், பார்க்காதது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார். பார்த்தவை சுவர் உயரத்தில் பாதிக்கு வந்திருந்தன. எத்தனை நாளாக, நான் பள்ளிக்கூடம் போனதும் இதைச் செய்துகொண்டிருந்தாரோ?

என்னைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

"உன்னைக் கொறை சொல்லல ஜோதி. உனக்கு ஞாபகமில்லாம எதுலயாச்சும் எழுதியிருப்ப. நீ எழுதாம இருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?"

இப்போதாவது சொல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் அவர் தேடுவது நின்றுவிடும். தேடுவது நின்றால் அவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் சாக்குத்தானோ என்னவோ. தை கடைசியில் அவர் போய்விட்டார், அதனால் இனி அதைத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

"அந்த மூலையில இன்னும் ஒரு கட்டு கெடக்கு. எனக்கு எட்டல. அதை மட்டும் எடுத்துக் குடுத்துரு" என்றார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கட்டை இறக்கி, தூசி தட்டி, கயிற்றை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒருவரால் அத்தனையையும் புரட்டி முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, பாதி நோட்டுகளை என் மடியில் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வெளிச்சம் போகிறவரை நானும் அவரோடு சேர்ந்து தேடினேன்.